வீட்டுலயே ஒரு துடுப்புப் படகு: நம்ம ஊரு வெயிலுக்கும் உப்புக்காத்துக்கும் ஏத்த மாதிரி

மரப்படகு செய்ற பிளானும் வீடியோவும் நெட்ல கொட்டிக் கிடக்கு, ஆனா அதுல முக்காவாசி குளிர் நாட்டுல, ஹீட்டர் போட்ட ஷெட்டுக்குள்ள செஞ்சது. நான் செஞ்சது திருவொற்றியூர்ல, எங்க வீட்டு பக்கவாட்டு சந்துல, தலைக்கு மேல தகர ஷீட்டு, மத்தியானம் ஆனா கடல்காத்து. பத்தடி நீளம், தட்டையான அடிப்பாகம், ரெண்டு பேர் உக்காரலாம், ஒருத்தர் துடுப்பு போடலாம். பிளான்ல இருக்கற நீள அகல அளவை அப்படியே எடுத்துக்கலாம், அதுல ஒன்னும் பிரச்சினை இல்ல. ஆனா பலகையை ஒட்டற ரெசின் பசையை எத்தனை மணிக்கு கலக்கணும், மரத்தை எப்ப வாங்கணும், எந்த மாசம் வேலையை நிறுத்தி வைக்கணும்னு இதெல்லாம் நம்ம ஊரு வெயிலும் ஈரமும் தான் முடிவு பண்ணுது. தமிழ்ல தேடினப்ப இதை யாரும் விளக்கமா சொல்லி எனக்கு கிடைக்கல, அதான் எழுதுறேன்.

முதல்ல எந்த முறைன்னு சொல்லிடறேன். பிளைவுட்டை வெட்டி, ஓரமா சின்ன சின்ன ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால தைச்சு, படகு வடிவம் வந்ததும் உள்ள மூலையில எபாக்ஸின்ற ரெசினைப் பூசி கண்ணாடி நார் துணி ஒட்டுற முறை. 1960-கள் தொடக்கத்துல இங்கிலாந்துல வந்த மிரர்ன்ற சின்ன பாய்மரப் படகு மூலமா இது வீட்டுல செய்றவங்க கிட்ட பெருசா பரவுச்சு. ஆனா பலகையைத் தைச்சுப் படகு செய்றது இந்தக் கரைக்குப் புதுசு இல்ல. சென்னைக்கு துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி கப்பல் எல்லாம் தூரத்துலயே நிக்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்கு கொண்டு வந்தது மசூலா படகு. ஆணியே இல்லாம தேங்காநார் கயிறால பலகைங்களைத் தைச்சிருப்பாங்க. அலை அடிச்சாலும் தரையில மோதினாலும் தையல் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், அதனால உடையாது. நாம செய்ற படகுல தையல் தற்காலிகம் தான், பலம் எல்லாம் எபாக்ஸில இருக்கு. இருந்தாலும் சந்துல உக்காந்து கம்பி முறுக்கும்போது, இங்க இருந்து கொஞ்ச தூரத்துல ராயபுரம் கரையில எத்தனை கை இதே வேலையை செஞ்சிருக்கும்னு எனக்கு தோணாத நாள் இல்ல.

பிளான் தேடறதுக்கு முன்னாடி எந்த தண்ணியில ஓட்டப் போறோம்னு முடிவு பண்ணிடுங்க. எனக்கு எண்ணூர் கழிமுகத்தோட உள்பக்கமும் பழவேற்காடு ஏரியும் தான் மனசுல இருந்துச்சு. பழவேற்காடு பெரிய ஏரி தான், ஆனா ஆழம் ரொம்ப கம்மி, சராசரியா ஒரு மீட்டர் தான். அங்க அடி தட்டையா இருக்கற படகு தான் சௌகரியம். எவ்ளோ ஆழம் இறங்கும்னு கணக்கு போடறது ஈசி. ஒரு சதுர அடி அடிப்பலகை ஒரு இஞ்ச் தண்ணியில இறங்கினா கிட்டத்தட்ட 2.4 கிலோவைத் தாங்கும். என் படகுல தண்ணியைத் தொடற அடிப்பரப்பு சுமாரா 20 சதுர அடி, அப்ப ஒரு இஞ்சுக்கு 48 கிலோ. படகு, ரெண்டு ஆளு, சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோன்னா நாலு இஞ்சுக்கு கொஞ்சம் மேல தான் இறங்கும். இந்தக் கணக்கை பேப்பர்ல போட்டுப் பாக்காம எந்த பிளானையும் வாங்காதீங்க.

அப்பறம் வாசல் கேட் விஷயம். படகு அகலமா இருந்தாலும் சாய்ச்சு வெளிய எடுத்துடலாம், ஆனா சந்து திரும்புற இடத்துல நீளம் தான் மாட்டும். ரீப்பர் கட்டையை படகு நீளத்துக்கும் அகலத்துக்கும் சிலுவை மாதிரி கட்டி, ரெண்டு பேர் தூக்கிட்டு வேலை செய்ற இடத்துல இருந்து ரோடு வரைக்கும் நடந்து பாருங்க. வண்டலூர்லயோ கோவளத்துலயோ இடம் இருக்கறவங்களுக்கு இது தேவைப்படாது, வடசென்னை சந்துக்கு கட்டாயம் தேவை. நான் பதினொன்னு அடி பிளானை விட்டுட்டு பத்தடிக்கு வந்ததே இந்த ரீப்பர் நடையால தான்.

பிளைவுட் சூளை பக்கம் சைடன்ஹாம்ஸ் ரோடுல வாங்கினேன். மரைன் பிளைனு சொல்லி எதையும் குடுப்பாங்க, ஷீட்டு மேல ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 710னு அச்சு இருக்கான்னு பாருங்க. ஐஎஸ் 303ன்றது சாதாரண வீட்டு வேலைக்கு, படகுக்கு வேணாம். 710க்கான தரத்துல கொதிக்கிற தண்ணியில 72 மணி நேரம் போட்டும் ஒட்டு விடக்கூடாது. நம்மளால அவ்ளோ நேரம் முடியாது, ஆனா ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி சில மணி நேரம் கொதிக்க வச்சு, வெயில்ல காய வச்சு, திரும்ப கொதிக்க வச்சு, ஓரத்துல ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிப் பாக்கலாம். லேயர் பிரிஞ்சா அந்தக் கடைக்கு திரும்ப போகாதீங்க. ஓரத்தைப் பாக்கும்போது நடு லேயர்ல இடைவெளி இருக்கான்னும் பாருங்க, அந்தப் பொந்துல தண்ணி போய் உக்காந்துச்சுன்னா வெளிய வரவே வராது.

காசிமேடுல விசைப்படகுக்கு பலகை மாத்துற வேலை பாத்த ஒரு பெரியவர் எனக்கு பழக்கம். 2004 சுனாமிக்கு அப்பறம் ஃபைபர் படகு தான் எங்க பாத்தாலும், மர வேலை குறைஞ்சுடுச்சு, அவரும் வீட்டோட இருக்கார். நான் வாங்கின ஷீட்டைப் பாக்க வந்தவர் விரல் முட்டியால அங்கங்க தட்டிக்கிட்டே போனார். "தம்பி, நீயும் தட்டு. உள்ள காலியா இருந்தா சத்தம் மாறும், அங்க பென்சில்ல ஒரு வட்டம் போட்டு வையி, அந்த எடத்தை அடிப்பலகைக்கு எடுக்காத." அதே மாதிரி செஞ்சேன். வட்டம் போட்ட பாகம் எல்லாம் சீட்டுக்கு அடியில போச்சு.

வெளிநாட்டு பிளான்ல எடை 35 கிலோன்னு போட்டிருந்தா நம்ப வேணாம். அவங்க ஒக்குமேன்ற லேசான மரத்துல செஞ்ச பிளை போடறாங்க. நமக்கு கிடைக்கிறது பெரும்பாலும் கர்ஜன் மாதிரி கனமான மரம், 6 எம்எம்ல எட்டுக்கு நாலு ஷீட்டு ஒன்னே 13 கிலோ வரும். படகு முடிஞ்சா 50 கிலோ கிட்ட வரும்னு வச்சுக்கிட்டு தான் தூக்கறதுக்கு, ஏத்தறதுக்கு எல்லாம் யோசிக்கணும். எடையைக் குறைக்கறேன்னு 4 எம்எம் போடாதீங்க, கழிமுகத்துல சிப்பி ஓடு கத்தி மாதிரி இருக்கும்.

உள் சட்டம், சீட்டு இதுக்கு மணலி, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு பக்கம் வர்ற பழைய பேலட், அதாவது சரக்கு அடுக்கற மரத்தட்டு, அதோட பைன் மரம் நல்லா இருக்கு. அதுல ஒரு முத்திரை சுட்டு வச்சிருப்பாங்க, ஹெச்டி (HT)னு இருந்தா சூடு பண்ணி பதப்படுத்தினது, தாராளமா எடுக்கலாம். எம்பி (MB)னு இருந்தா மீத்தைல் புரோமைடு வாயு காட்டினது, அதை இழைக்கவும் வேணாம் வீட்டுக்கு கொண்டு வரவும் வேணாம். எந்த மரமா இருந்தாலும் சில வாரமாவது நிழல்ல, அடியில கட்டை வச்சு, நடுவுல காத்து போற மாதிரி அடுக்கி காய விடுங்க. கார்த்திகை மாசத்துல வாங்கின மரத்தை அப்படியே ஒட்டினா பங்குனியில அது சுருங்கும்போது ஜாயின்ட் வாய் பொளக்கும்.

ஷீட்டு எட்டடி, படகு பத்தடி, அதனால ரெண்டு துண்டை இணைக்கணும். கனத்துக்கு எட்டு மடங்கு சரிவு, 6 எம்எம்னா 48 எம்எம். ரெண்டு துண்டையும் ஒன்னு மேல ஒன்னு படிக்கட்டு மாதிரி தள்ளி வச்சு இழைப்புளியால ஒரே சரிவா இழைக்கணும். பிளையோட லேயர் எல்லாம் கோடு கோடா தெரியும், அந்தக் கோடு நேரா ஓடுச்சுன்னா சரிவு சரியா இருக்குனு அர்த்தம், வளைஞ்சா அங்க இன்னும் இழைக்கணும். ஒட்டும்போது முதல்ல எதுவும் கலக்காத ரெசினைத் தடவி மரம் குடிக்கற வரைக்கும் விடுங்க, அப்பறமா மரத்தூள் கலந்த கெட்டி ரெசின். நேரா கெட்டியைப் போட்டா மரம் ரெசினை இழுத்துக்கிட்டு ஜாயின்ட் வறண்டு போயிடும்.

வளைவு வரையறதுக்கு முடிச்சில்லாத ஒரு நீள ரீப்பரை ஆணிங்களுக்கு நடுவுல வளைச்சு வச்சு கோடு போடணும். போட்டதும் பெரியவர் தரையில கன்னத்தை வச்சு அணியத்துல (முன்முனை) இருந்து அமரம் (பின்முனை) வரைக்கும் ஒத்தைக் கண்ணால பாத்தார். "கண்ணு எங்கயாச்சும் நிக்குதா பாரு, நின்னா அங்க வளைவு கெட்டுப்போச்சு, ஸ்கேலு எதுக்கு?" அவர் சொன்னபடி பாத்தா ரெண்டு எம்எம் மேடு கூட தெரியுது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே மர வேலை தெரிஞ்ச யாராவது ஒருத்தரை கூட வச்சுக்கங்க.

தையலுக்கு பழைய வீட்டு வயரிங்ல உரிச்ச 1.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியே போதும். ஆறு இஞ்சுக்கு ஒரு ஓட்டை, வளைவு ஜாஸ்தியா இருக்கற அணியத்துல நாலு இஞ்சுக்கு ஒன்னு. எல்லாத்தையும் லூசா முறுக்கிட்டு, எதிர் மூலை அளவெல்லாம் பாத்துட்டு, அப்பறமா தான் இறுக்கணும். இந்த நேரத்துல படகு முறுக்கிக்கிட்டு இருந்தா எபாக்ஸி போட்டப்பறம் காலத்துக்கும் அப்படித்தான் இருக்கும், நேரா துடுப்பு போட்டாலும் ஒரு பக்கமா இழுக்கும். ரெண்டு முனையிலயும் குறுக்கா ஒரு ரீப்பர் வச்சு, ஒரு ரீப்பர் மேல பார்வையை வச்சு இன்னொன்னு இணையா தெரியுதான்னு பாருங்க.

இப்ப ரெசின். நிஜமாவே படகு வேலையோட உயிர் இங்க தான் இருக்கு.

காசிமேடு, எண்ணூர்ல ஃபைபர் படகுக்கு போடறது பாலியஸ்டர் ரெசின். விலை கம்மி, ஆனா மரத்தோட சரியா ஒட்டாது, கொஞ்ச காலத்துல தோல் மாதிரி உரியும். மரத்துக்கு எபாக்ஸி தான். பாரிமுனை பக்கம் கெமிக்கல் கடைங்கள்ல லேமினேட்டிங் எபாக்ஸி கேட்டா கிடைக்கும், அதை இறுக வைக்க கலக்கற ஹார்ட்னரோட அளவு எடைக்கணக்குல டப்பாவுலயே போட்டிருக்கும், டிஜிட்டல் தராசு இல்லாம கலக்காதீங்க. சீக்கிரம் காயட்டும்னு ஹார்ட்னரைக் கூட்டினா எபாக்ஸி கெட்டிப்படாது, பிசுபிசுன்னே நிக்கும். யாராவது பாலியஸ்டர் தான் போடப்போறேன்னா ஒரு விஷயம்: அதுல கேட்டலிஸ்ட், ஆக்சிலரேட்டர்னு ரெண்டு வரும், அந்த ரெண்டையும் நேரடியா ஒன்னோட ஒன்னு கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்னை ரெசின்ல முழுசா கலக்கிட்டு அப்பறம் தான் அடுத்தது.

டப்பாவுல முப்பது நிமிஷம் டைம்னு போட்டிருப்பாங்க, அது 25 டிகிரிக்கு. பத்து டிகிரி கூடினா நேரம் கிட்டத்தட்ட பாதியாகும். நம்ம சித்திரை வெயில்ல கப்புல கலக்கி வச்ச ரெசின் பத்து நிமிஷத்துல சூடாகி புகையவே ஆரம்பிக்கும். அதனால ஸ்லோ ஹார்ட்னர் கேளுங்க, ஒரு தடவைக்கு நூறு கிராம் மேல கலக்காதீங்க, கலக்கினதும் கப்புல வைக்காம அகலமான தட்டுல ஊத்திடுங்க. பரவலா இருந்தா சூடு சேராது, நேரம் கூட கிடைக்கும்.

காலையில சீக்கிரம் எழுந்து பூசிடலாம்னு தான் யாருக்கும் தோணும். ஆனா வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு வெளிய வரும், பூசின ரெசின்ல கொப்புளம் கொப்புளமா நிக்கும். சூடு இறங்கற நேரத்துல பூசினா மரமே ரெசினை உள்ள இழுத்துக்கும். அப்ப சாயங்காலம் சரின்னு சொல்லலாம், ஆனா கடல்காத்து ஈரத்தோட வரும், ராத்திரி பனி இறங்கும், ஈரம் பட்டா எபாக்ஸி மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு சரியா வந்தது நாலு, நாலரை மணி. தகர ஷீட்டோட சூடு அடங்கியிருக்கும், பொழுது சாயறதுக்குள்ள ரெசின் ஓரளவு பிடிச்சுடும். சுத்தி பழைய பேனர் கட்டி காத்தையும் மறைச்சேன். மறுநாள் அந்த மெழுகு படலம் இருக்கோ இல்லையோ, சாதா தண்ணியும் பாத்திரம் தேய்க்கற நாரும் வச்சு தேய்ச்சு கழுவிட்டு, காஞ்சப்பறம் தான் வாட்டர் பேப்பர் போடணும். கழுவாம தேய்ச்சா படலத்தை இன்னும் உள்ள அமுக்கி விடறோம், அடுத்த கோட்டு ஒட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில ரெசின் டப்பாவையே திறக்காதீங்க. அந்த மாசங்கள்ல துடுப்பு இழைக்கலாம், சீட்டு செய்யலாம், ரீப்பர் வளைக்கலாம். பூச்சு வேலைக்கு தை முதல் பங்குனி வரைக்கும் தான் நல்ல காலம்.

மூலையில பூசறதுக்கு ரெசினோட சலிச்ச மரத்தூள் கலக்கணும், கரண்டியில எடுத்து கவுத்தா விழாம நிக்கற பதம். ரெண்டு ரூபா நாணயம் அளவுக்கு வளைவா வெட்டின பிளாஸ்டிக் துண்டால ஒரே இழுப்பா இழுத்தா அழகா வரும். அது முழுசா இறுகறதுக்குள்ள மேல துணியை ஒட்டிடுங்க, தனியா தேய்க்கற வேலை மிச்சம். துணி வாங்கும்போது நெய்த கண்ணாடித் துணி தான்னு அழுத்தி சொல்லுங்க. படகு சாமான் கடையில பழக்கமா எடுத்துக் குடுக்கறது மேட், அதாவது நார் துண்டு துண்டா ஒட்டினது. அந்த நாரைப் பிடிச்சிருக்கற பசை பாலியஸ்டர்ல இருக்கற ஸ்டைரீன்ல தான் கரையும், எபாக்ஸில கரையாம விறைப்பா நிக்கும், மூலையில படியாது.

கையுறை இல்லாம எபாக்ஸியைத் தொடாதீங்க. முதல் தடவை ஒன்னும் ஆகாது, அதான் ஆபத்து, உடம்பு அதை ஞாபகம் வச்சுக்கிட்டு ஒருநாள் அலர்ஜியா திருப்பிக் குடுக்கும், அப்பறம் வாழ்நாள் பூரா ரெசின் வாடையே ஆகாது. கையில பட்டா தின்னர் போடாதீங்க, அது இன்னும் உள்ள கொண்டு போகும். சோப்பு போட்டு நல்லா கழுவுங்க. தேய்க்கும்போது வர்ற தூசுக்கு நல்ல மாஸ்க். பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருந்தா தேய்க்கற நாளை அவங்க கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, சந்துல வாழறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

எபாக்ஸி தண்ணியைத் தாங்கும், வெயிலைத் தாங்காது, மேல பெயின்ட் இல்லன்னா மஞ்சளாகி மாவா உதிரும். பெயின்ட் வெள்ளை இல்ல இளநிறம் மட்டும். கருநீலம் பாக்க அழகா தான் இருக்கும், ஆனா நம்ம வெயில்ல கருப்பு கலர் பலகை 60 டிகிரி தாண்டும், அந்த சூட்டுல நிறைய எபாக்ஸி இளகும்.

துடுப்பு நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. துடுப்பு மாட்டற ரெண்டு முளைக்கும் நடுவுல இருக்கற தூரத்தைப் பாதியாக்கி ரெண்டு இஞ்ச் கூட்டினா கைப்பக்க நீளம். மொத்த நீளத்துல அது 25-க்கு 7 பங்கு. என் படகுல 42 இஞ்ச், பாதி 21, கூட்டினா 23, கணக்கு போட்டா 82 இஞ்ச், ஏழடி துடுப்பு செஞ்சேன். நார் நேரா ஓடற பைன் மரம், முடிச்சு ஒன்னு கூட இருக்கக்கூடாது. முளை இருக்க வேண்டிய இடம் சீட்டோட அமரப்பக்க விளிம்புல இருந்து ஒரு அடி தள்ளி, சீட்டுக்கு மேல எட்டு இஞ்ச் உயரம். துடுப்பைத் தாங்கற வெண்கல ரோலாக் இங்க தேடி அலையறதுக்கு பதிலா மரமுளை அடிச்சு கயிறு வளையம் போட்டேன், சத்தமே இல்லாம நல்லா வேலை செய்யுது, தேஞ்சா கயிறு மாத்தினா போதும்.

காத்தறை இல்லாத படகை தண்ணியில விடாதீங்க, இதுல எனக்கு விட்டுக்கொடுக்கற எண்ணமே கிடையாது. ஒரு கன அடி காத்து 28 கிலோவைத் தூக்கும். அணியத்துலயும் அமரத்துலயும் சீட்டுக்கு அடியில மூடின அறையா மொத்தம் நாலு கன அடி வச்சா 110 கிலோ கிட்ட வரும், தண்ணி முழுசா ரொம்பினாலும் படகு முழுகாது, புடிச்சுக்கிட்டு மிதக்கலாம். அறைக்குள்ள தெர்மாகோலும் அடைச்சேன், பலகை ஓட்டையானாலும் அது இருக்கும். எபாக்ஸி பட்டா தெர்மாகோலுக்கு ஒன்னும் ஆகாது, பாலியஸ்டர் பட்டா கரைஞ்சு காணாமப் போகும், ஞாபகம் வச்சுக்கங்க. முதல்நாளே இடுப்பளவு தண்ணியில வச்சு பக்கெட்டால முழுக்க தண்ணி ரொப்பி சோதிச்சுப் பாத்தேன். விளிம்பு தண்ணிக்கு மேல நின்னுச்சு. அந்த சோதனைக்கு அப்பறம் தான் எங்க அம்மா என் தம்பியைக் கூட ஏத்திக்க சம்மதிச்சாங்க.

எண்ணூருக்கு எங்க தெருல இருந்து மீன்பாடி வண்டியிலயே கவுத்துப் போட்டு கட்டி கொண்டு போயிடலாம். பழவேற்காடுன்னா குட்டியானை. இறக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கற மீனவங்க கிட்ட பேசுங்க, எங்க வலை கட்டியிருக்கு, எங்க கம்பு நட்டிருக்கு, எப்ப தண்ணி ஏறும் எப்ப வத்தும்னு அவங்களுக்கு தான் தெரியும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இழுப்பு பலமா இருக்கும், முகத்துவாரம் பக்கம் சின்ன படகை எடுத்துட்டு போகவே கூடாது, கடலுக்குள்ள இழுத்துடும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு தான் ஏறணும், நீச்சல் தெரிஞ்சாலும். அந்த தண்ணியில இடுப்பளவு நின்னு கையாலயே இறால் தடவிப் பிடிக்கறவங்க இருக்காங்க, அவங்க பிழைப்பு அது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து அவங்க படகும் வலையும் கருப்பானதை நாம எல்லாரும் பாத்தோம். பொழுதுபோக்குக்கு போற நாம அவங்க வலைக்கு தூரமா சுத்திப் போறது தான் முறை.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில உள்ளயும் வெளியயும் கழுவி, காத்தறை மூடியைத் திறந்து, கட்டை மேல கவுத்துப் போட்டு, மேல தார்பாய் படகைத் தொடாத மாதிரி கட்டுங்க. சிப்பி கீறின இடம் இருந்தா அன்னிக்கே பென்சில்ல குறிச்சு வச்சுட்டு, மரம் முழுசா காஞ்சப்பறம் ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு ரெசின் தொட்டு வைங்க.